அப்பா கேட்ட பாலம்

அப்பாவுக்கு முட்டி வலி. அதனால் டிஸ்னிலேண்டுக்குள் நுழைந்த அரை மணி நேரத்திலேயே கட்சி இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஸ்பேஸ் மவுன்டன் ரோலர்கோஸ்டரில் ஏறுவதற்கான உயரத்தை இந்த வருஷம்தான் பையன் எட்டியிருந்தான். அவனும் இவரும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். எனக்கும் அப்பாவுக்கும் ‘எதிர்கால உலகம்’ என்று கட்டிய டுமாரோலேண்ட் பகுதியின் வாசலில் ஒரு பெஞ்சு கிடைத்தது.

போன நவம்பர். கலிபோர்னியாவில், டிஸ்னிலேண்ட் இருக்கிற அனஹைமில் நவம்பர் வெயில் நம் ஊர் தை மாத வெயில் மாதிரி இதமாக இருக்கும். அப்பா அதிலும் ஸ்வெட்டர், மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். சேலத்திலிருந்து சுமந்து வந்ததை ஒரு நாளாவது போட வேண்டாமா? டிக்கெட் விலையை அவரிடம் ரூபாயில் மட்டும் சொல்லக் கூடாது என்று எனக்கும் இவருக்கும் முன்பே ஒப்பந்தம். அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். கேட்டில் இருந்து பெஞ்சு வரைக்கும் பேசவே இல்லை.

கொஞ்ச நேரம் வருகிறவர் போகிறவரைப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

“ஏங்கண்ணு, அது என்ன பாலம்? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் போவலையே.”

தலைக்கு மேல், தூண்கள் மீது வளைந்து வளைந்து போகிற அந்த மெல்லிய கான்கிரீட் பாதையைத்தான் கேட்டார். அதைப் பற்றி யாராவது என்னிடம் கேட்கமாட்டார்களா என்று நான் பல வருஷமாகக் காத்திருந்தேன். இவரிடம் சொல்லிச் சொல்லி இவர் காது புளித்துவிட்டது.

“பாலம் இல்லப்பா. பீப்பிள்மூவர்னு ஒரு வண்டி ஓடிச்சு அதுல. 95-ல நிறுத்திட்டாங்க.”

“நிறுத்திட்டு?”

“நிறுத்திட்டு அப்படியே விட்டுட்டாங்க.”

“முப்பது வருசமாவா?” அப்பா மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டார். “கேசு ஏதாச்சும் நடக்குதா?”

நம் ஊரில் நல்ல இடத்தில் ஒரு கட்டடம் சும்மா நின்றால் அதற்குக் காரணம் கோர்ட்டில் கேஸ், இல்லாவிட்டால் அண்ணன் தம்பி தகராறு. மூன்றாவது காரணம் ஒன்று இருக்க முடியும் என்பதை அப்பாவுக்கு விளக்கவே எனக்கு ஒரு காபி தேவைப்பட்டது.

நான் செய்வது கன்வேயர் வேலை. கிடங்குகளில் பெட்டிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தானாக நகர்த்துகிற ரோலர் பாதைகளை வடிவமைக்கிறோம். அப்பா சேலம் உருக்காலையில் ஹாட் ரோலிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சிவக்கச் சிவக்கக் காய்ந்த உருக்குப் பாளம், வரிசையாக உருளைகள் வைத்த ரோலர் டேபிள் மீது ஓடி வருவதைப் பார்த்தே பாதி சர்வீஸ் போனது அவருக்கு. நாங்கள் இருவரும் அந்தப் பாதைக்குக் கீழே உட்கார்ந்திருந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. ஏனென்றால் அந்த வண்டியின் கதையே ஓர் உருக்காலை ரோலர் டேபிளில்தான் தொடங்குகிறது.

1964-ல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி. அதில் நான்கு அரங்குகளின் காட்சிகளை டிஸ்னி ஆட்கள் செய்து கொடுத்தார்கள். ஒன்று ஃபோர்டு கம்பெனிக்கு. கூட்டம் கூட்டமாக வருகிற ஜனங்களை ஃபோர்டு கார்களிலேயே உட்கார வைத்து, ஆதிகாலம் முதல் எதிர்காலம் வரை ஒரு சுற்றுக் காட்டிவிட்டு இறக்க வேண்டும். ஓட்டுநர் கிடையாது, நிற்கவும் கூடாது. இதற்கு வழி தேடிக்கொண்டிருந்த சமயத்தில், டியர்பார்னில் ஃபோர்டின் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள், பழுக்கக் காய்ந்த உருக்குப் பாளங்கள் உருளைகள் மீது நகர்ந்து போவதைப் பார்த்தார்கள் என்பது டிஸ்னி பொறியாளர்கள் காலங்காலமாகச் சொல்லி வரும் கதை. பாளம் போகிற மாதிரி கார் போகக் கூடாதா? கன்வெர்ட்டிபிள் கார்களின் என்ஜினைக் கழற்றிவிட்டு, பாதையில் சுழலும் சக்கரங்களை வைத்து, அந்தச் சக்கரங்கள் காரை அடியிலிருந்து தள்ளும்படி செய்தார்கள். அந்த ஏப்ரலில்தான் ஃபோர்டு மஸ்டாங்கை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. புது மஸ்டாங்கில் உட்கார்ந்து டைனோசர் பார்க்கலாம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்.

இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரோலர் டேபிளு!” என்றார், சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

அந்தச் சக்கர முறையைத்தான் மூன்று வருஷம் கழித்து டிஸ்னிலேண்டில் தலைக்கு மேல் ஏற்றினார்கள். 1955-ல் பூங்கா திறந்தபோது டுமாரோலேண்ட் அவசரத்தில் ஒப்பேற்றிய பகுதி. 1967-ல் அதை இடித்துக் கட்டி ‘புதிய டுமாரோலேண்ட்’ என்று திறந்தார்கள். அதற்கு நடுநாயகம் பீப்பிள்மூவர். திறந்த நாள் 1967 ஜூலை 2. வண்டியை வடிவமைத்தவர் பாப் கர். அந்தப் பூங்காவில் சக்கரம் வைத்து ஓடியது எதுவாக இருந்தாலும் அதில் அவர் கை இருந்திருக்கும். பிள்ளைகள் ஓட்டுகிற ஆட்டோப்பியா கார், மோனோரயில் எல்லாம் அவருடையவைதான்.

பாதையில் ஒன்பது அடிக்கு ஒரு டயர். மொத்தம் 517 டயர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்மோட்டார். பெட்டியில் என்ஜினும் இல்லை, மோட்டாரும் இல்லை. நாலு சின்னப் பெட்டிகள் சேர்ந்த ரயில் எப்போதும் சில டயர்கள் மேல் படுத்திருக்கும். அவை சுழன்று அதை அடுத்த டயர்களிடம் ஒப்படைக்கும், அவை அதற்கடுத்தவற்றிடம். மணிக்கு இரண்டு மைல் முதல் ஏழு மைல் வரை வேகம். ஒரு சுற்றுக்குப் பதினாறு நிமிஷம். செலவை ஏற்றுப் பெயர் போட்டுக்கொண்ட கம்பெனி எது என்று சொல்லத் தேவையில்லை: டயர் விற்கிற குட்இயர்.

ஏறுமிடம் இன்னும் அழகு. ரயில் நிற்கவே நிற்காது. வட்டமான ஒரு மேடை, ரயில் போகும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் மேடையில் கால் வைத்துவிட்டால் ரயில் உங்களுக்கு நின்ற மாதிரி. கதவு திறந்திருக்கும், ஏறி உட்கார வேண்டியதுதான். வரிசை தேங்காது. நாங்கள் கிடங்கில் பெட்டி தேங்காமல் இருக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும் என்பதால், முதன்முதலில் அந்தப் பழைய படங்களைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. இன்றைக்கு எங்கள் ரோலர் பாதையும் இப்படித்தான்: பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மோட்டார் ரோலர், ஒரு சென்சார். அதை நாங்கள் என்னமோ புதுசு மாதிரி விற்கிறோம்.

“ஒரு மோட்டார் எரிஞ்சு போனா?” என்றேன் அப்பாவிடம், பரீட்சை வைப்பது போல.

“போவட்டுமே. பக்கத்து ரோலரு இழுத்துக்கும். எங்களுக்கு ரெண்டு மூணு செத்துக் கெடக்கும், ஷிப்ட் முடியற வரைக்கும் கண்டுக்கவே மாட்டோம்.”

வால்ட் டிஸ்னி சொன்னதும் அதேதான். 1966 அக்டோபரில், ஃபுளோரிடாவில் தான் கட்டப் போகும் நகரத்தைப் பற்றி விளக்குவதற்காக ஒரு படம் எடுத்தார். அந்த நகரத்தில் கார்கள் தரைக்கு அடியில், ஜனங்கள் நடப்பது மேலே, வீட்டிலிருந்து நகர மையத்துக்குப் போக பீப்பிள்மூவர். மோட்டார் வண்டியில் இல்லை, பாதையில் இருக்கிறது, ஆகவே ஒரு மோட்டார் நின்றாலும் மற்ற வண்டிகள் தேங்காது என்பது அவர் வாதம். டிசம்பர் 15-ம் தேதி இறந்துவிட்டார். டிஸ்னிலேண்டில் அது ஓட ஆரம்பித்ததை அவர் பார்க்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது விளையாட்டு வண்டி இல்லை. ஒரு ஊருக்கான பஸ், அதன் மாதிரி மட்டும் பூங்காவில் ஓடியது. இதை மறந்துவிட்டுப் பார்த்தால் அதற்கு அப்புறம் நடந்த எதுவும் புரியாது.

நான் அதன் தம்பியில்தான் ஏறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோவில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் மத்தியானம் காலியாக இருந்தது, அங்கே இருக்கிற டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டம் போனேன். அங்கே 1975 ஜூலையில் தொடங்கிய பீப்பிள்மூவர் இன்னும் ஓடுகிறது. டயர் கிடையாது. பாதையில் மின்காந்தச் சுருள்கள், பெட்டிக்கு அடியில் உலோகத் தகடு. ஒரு மோட்டாரை வெட்டி நீளவாக்கில் விரித்துப் போட்டால் எப்படியோ அப்படி. சுருளில் மின்சாரம் அலை அலையாக ஓட, தகடு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஒன்றோடொன்று உரசித் தள்ளும் பாகமே இல்லை. 1981-ல் இதே முறையை ஹூஸ்டன் விமான நிலையத்தில் முனையங்களுக்கு இடையே ஓடும் ரயிலுக்கும் கொடுத்தார்கள். ஊருக்கான பஸ் என்று வால்ட் சொன்னதற்கு அதுதான் மிகப் பக்கத்தில் வந்தது.

ஆர்லாண்டோவில் அன்று அதில் ஐந்து சுற்றுச் சுற்றினேன். ஸ்பேஸ் மவுன்டன் கட்டடத்துக்குள் நுழையும்போது திடீரென்று கும்மிருட்டு, மேலே எங்கேயோ கத்தல். கொஞ்ச தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் வால்டின் கனவு நகரத்தின் பெரிய மாதிரியில் ஒரு பகுதி, குட்டிக் குட்டி விளக்குகளோடு. முன்பு அந்த நகர மாதிரி அனஹைமில்தான் இருந்தது. அங்கேயும் பீப்பிள்மூவர் அதன் பக்கமாகத்தான் போகும். நாலாவது சுற்றில் தூங்கிப்போனேன். யாரும் எழுப்பவில்லை. ஒரு தீம் பார்க்கில் தூங்க முடிந்த ஒரே இடம் அது. அதையும் ஒரு வடிவமைப்புச் சாதனை என்றுதான் சொல்வேன்.

சரி, அனஹைமுக்கு வருவோம். அங்கே எல்லாம் சுகமாக நடந்தது என்று இல்லை. திறந்த அடுத்த மாதமே, ஓடும் ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தாவிய 17 வயதுப் பையன் விழுந்து இறந்தான். 1980-ல் 18 வயது இளைஞன், அதே மாதிரி. வண்டி மெதுவாகப் போனதுதான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். மெதுவாகப் போகிற எந்திரத்தை யாரும் எந்திரமாக நினைப்பதில்லை. எங்கள் கிடங்குகளிலும் அதே தொல்லை. வேகமான பெல்ட் பக்கம் யாரும் போக மாட்டார்கள். ஊர்ந்து போகிற ரோலர் மேல் கை வைத்துச் சாய்ந்துகொண்டு போனில் பேசுவார்கள்.

1977-ல் சுரங்கம் மாதிரி ஒரு பகுதி சேர்த்து, சுற்றிலும் பந்தயக் கார்கள் பாயும் படம் காட்டினார்கள். 1982-ல் அதில் ட்ரான் படத்தின் காட்சிகள் வந்தன. குட்இயர் அதற்குள் விலகிவிட்டது. அதே காலத்தில் இன்னொன்றும் மாறியது. அதுவரை ஏ முதல் ஈ வரை கூப்பன் கிழித்து ஏற வேண்டும். பீப்பிள்மூவர் டி கூப்பன். 82-ல் கூப்பனை எடுத்துவிட்டு ஒரே நுழைவுச் சீட்டு ஆக்கினார்கள். தனிக் கணக்கு போனபின், தன் பங்குக்குச் சம்பாதித்துத் தருகிறது என்று காட்ட அந்தச் சாதுவான வண்டியிடம் எதுவும் இல்லை. விளம்பரத்தில் போடலாம் என்றால் வேகமும் இல்லை, விழுதலும் இல்லை. பராமரிப்புக்கு மட்டும் ஐநூற்றுச் சொச்சம் மோட்டார்.

இந்த டயர் விஷயத்தை ஒரு வரி சொல்லிவிடுகிறேன், தொழில் வாசனை மன்னிக்கவும். எல்லா டயரும் ஒரே மாதிரி தேயாது. திருப்பத்தில் இருப்பது சீக்கிரம் தேயும். தேய்ந்தால் விட்டம் குறையும். அதே சுற்றுக்கு அது ரயிலைத் தள்ளும் வேகமும் குறையும். பக்கத்து டயர் வேகமாகத் தள்ள, இது இழுத்துப் பிடிக்க, இரண்டும் சேர்ந்து இன்னும் தேயும். உருக்காலையில் ரோலர் இரும்பு, கிடங்கில் எங்களுடையது எஃகுக் குழாய். ரப்பரில் இதைச் செய்தவர்கள் தினமும் ராத்திரி டயரோடு மாரடித்திருப்பார்கள்.

1995 ஆகஸ்ட் 21-ல் நிறுத்தினார்கள். டுமாரோலேண்டையே மொத்தமாக மாற்ற ஒரு பிரம்மாண்டத் திட்டம் இருந்தது. அதற்குள் 1992-ல் பாரிஸ் பக்கம் திறந்த யூரோ டிஸ்னி கையைக் கடித்துவிட்டது. பெரிய திட்டம் கைவிடப்பட்டு, சின்னத் திட்டம் ஒன்று கிடைத்தது. அந்தச் சின்னத் திட்டத்தின் பெயர் ராக்கெட் ராட்ஸ்.

இங்கேதான் எனக்கு வயிறு எரியும். அதே தூண், அதே பாதை. பதினாறு நிமிஷம் ஊர்ந்த இடத்தில் மூன்று நிமிஷத்தில் பறக்க வேண்டும், மணிக்கு சுமார் 35 மைல். 1998 மே 22-ல் திறந்தார்கள். பாதை ஏழு மைல் வேகத்துக்குக் கட்டியது. திருப்பங்கள் தட்டையாக இருக்கும். வேகமாகத் திரும்ப வேண்டும் என்றால் நெடுஞ்சாலை வளைவு மாதிரி ஒரு பக்கம் உயர்த்திச் சாய்க்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. ஏழு மைலுக்கும் முப்பத்தைந்து மைலுக்கும் ஐந்து மடங்கு வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் திருப்பத்தில் பக்கவாட்டில் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஐந்து மடங்கு வேகம், இருபத்தைந்து மடங்கு விசை. அதனால் என்ன செய்தார்கள்? நேராகப் போகும் இடத்தில் பாய்ச்சல், திருப்பம் வந்தால் பிரேக், மறுபடி பாய்ச்சல், மறுபடி பிரேக். டயர்கள் தேய்ந்தன, வண்டிகள் அடிக்கடி படுத்தன. 2000 செப்டம்பரில் சீர் செய்கிறோம் என்று மூடினார்கள். அடுத்த ஏப்ரலில், இனி திறக்காது என்று அறிவித்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் ஓடிய பாதையில் இது ஓடியது இரண்டேகால் வருஷம். அதிலும் பாதி நாள் நின்றபடி.

எனக்கு இது எவ்வளவு நெருக்கமான தவறு என்றால், நானே செய்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர், பெயர் வேண்டாம். இருக்கிற கன்வேயரை ஒன்றரை மடங்கு வேகமாக்கித் தா என்றார்கள். மோட்டாரை மாற்றினால் ஆயிற்று, புதுப் பாதை வேண்டாம் என்று அடம். நானும் புதுசு, தலையாட்டிவிட்டேன். சோதனை ஓட்டத்தன்று, தொண்ணூறு டிகிரித் திருப்பத்தில் ஷாம்பு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் போய் மோதின. ஒன்றரை மடங்கு வேகம் என்றால் இரண்டேகால் மடங்கு விசை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல். அன்று தரையைத் துடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதன் வாசனை இன்னும் மறக்கவில்லை.

அப்பா இந்தக் கதையை ரசித்துச் சிரித்தார். ராக்கெட் ராட்ஸ் கதைக்குச் சிரிக்கவில்லை. “மெதுவா போறதுக்குன்னு பண்ணுன ஒண்ணை எதுக்கு ஓட வுடணும்? வேகமா போறதுக்குத்தான் அவ்வளவு வெச்சிருக்கானே” என்று ஸ்பேஸ் மவுன்டன் பக்கம் கை காட்டினார்.

அதற்கு அப்புறம் நடந்தது ஒன்றும் இல்லை. ராக்கெட் ராட்ஸுக்கு வரிசை நின்ற வட்டக் கட்டடத்துக்கு 2005-ல் ‘டாய் ஸ்டோரி’ படத்து பொம்மை வீரர் பஸ் லைட்இயர் (Buzz Lightyear) வந்தார். ஏறுமிடத்தின் உச்சியில் முன்பு ராக்கெட் ஜெட்ஸ் என்ற சவாரி சுற்றிய இடத்தில் ஒரு உலோகச் சிற்பம் நிற்கிறது. பாதை மட்டும் அப்படியே, ஸ்டார் டூர்ஸ் சவாரியின் கட்டடத்துக்குள் புகுந்து, ஆட்டோப்பியாவைத் தாண்டி, நீர்மூழ்கிக் குளத்துக்கு மேலாக, எங்கேயும் போகாமல் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைய தேதியில் அதன் ஒரே வேலை நிழல் தருவது. வெயில் நாளில் அந்தப் பாதையின் நிழல் போகிற வழியிலேயே ஜனம் வளைந்து நிற்பதைப் பார்க்கலாம்.

மறுபடி ஓட்ட முடியாதா என்பது டிஸ்னி பைத்தியங்கள் கூடும் இடமெல்லாம் வருகிற கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மோட்டார் ஒரு பிரச்சினையே இல்லை. ஃபுளோரிடாவில் ஐம்பது வருஷமாக ஓடுகிறது, அதைப் பார்த்துச் செய்தால் போச்சு. கட்டுப்பாட்டு முறை, அது எங்கள் கிடங்கிலேயே இருக்கிறது. மாட்டுவது ஒரே இடத்தில்: நின்று போனால் ஆளை எப்படி இறக்குவது? அந்தப் பாதை ஒரு ரயிலின் அகலம்தான். பக்கத்தில் நடக்க இடம் இல்லை, கைப்பிடி இல்லை, கீழே குளம். சக்கர நாற்காலியில் வருகிறவரை எப்படி இறக்குவது? 1967-ல் அதை யாரும் கேட்கவில்லை. கலிபோர்னியாவில் நிரந்தரப் பூங்காக்களின் சவாரிகளை அரசாங்கம் சோதிப்பதற்கே சட்டம் 1999-ல்தான் வந்தது, அதுவும் முந்தைய கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இதே பூங்காவில், கொலம்பியா என்ற சவாரிக் கப்பலில் நடந்த விபத்தில் ஒருவர் உயிர் போன பிறகு. இன்று புதிதாகக் கட்டினால் பாதை நெடுக நடைபாதை வைக்க வேண்டும். வைத்தால் எடை கூடும். எடை கூடினால் தூண் தாங்க வேண்டும், பூகம்பத்தையும் சேர்த்து. தூணை மாற்றினால் அப்புறம் பழைய பாதை என்று மிச்சம் என்ன?

“தூணுதான் நல்லா நிக்குதே” என்று நானே எதிர்வாதமும் வைத்துப் பார்த்தேன்.

அப்பா தலையை ஆட்டினார். “நிக்கிறதை வெச்சு நம்பாத. சும்மா நிக்கிறது வேற, வண்டியைச் சுமந்துக்கிட்டு நிக்கிறது வேற. தட்டிப் பாக்கணும்.”

தட்டிப் பார்க்கவும் செய்தார். எழுந்து, ஒரு தூண் பக்கம் போய், மோதிரம் போட்ட விரலால் இரண்டு தட்டு. ஒரு பூங்கா ஊழியர் சிரித்துக்கொண்டே கடந்து போனார். என்ன தெரிந்தது என்று கேட்டதற்கு, “பெயின்ட்டு நல்லாப் பூசியிருக்கான்” என்று வந்து உட்கார்ந்தார்.

பழையதைத் தொடாமல் வைத்துக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே குளத்தில் கண் முன்னாலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நீர்மூழ்கிகள் 1959-ல் வந்தவை, 98-ல் மூடினார்கள். 2007-ல் நீமோ மீனின் கதையோடு மறுபடி திறந்தபோது டீசல் என்ஜினைத் தூக்கிவிட்டு மின்சாரம் வைத்தார்கள். நிலையத்தில் நிற்கும்போது கம்பி தொடாமலேயே பேட்டரி ஏறுகிறது. உள்ளே என்ஜினும் கதையும் புதுசு. ஆனால் நீருக்குள் வட்டச் சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் அந்தச் செயல் பழசுதான். ஸ்பிளாஷ் மவுன்டனை 2023-ல் மூடி அடுத்த வருஷம் டிஸ்னி பட இளவரசி டியானாவின் (Tiana) பெயரில் திறந்தபோதும் கதை முழுக்க மாறியது. மரக்கட்டைப் படகு கடைசியில் தொபுக்கென்று விழுவது மாறவில்லை. ஆட்டோப்பியாவின் பெட்ரோல் கார்களையும் மின்சாரத்துக்கு மாற்றப் போவதாக 2024-ல் சொல்லியிருக்கிறார்கள். இனி புகை நாற்றம் இல்லாமல் பையன் காரை இடித்து ஓட்டலாம். ஒரு சவாரியில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பது இவர்களுக்குத் தெரியாதது இல்லை. பீப்பிள்மூவரில் தொடக் கூடாதது அதன் மெதுவான வேகம். மாற்றியது அதை மட்டும்தான்.

அனஹைம் நகர சபை 2024-ல் டிஸ்னியின் விரிவாக்கத்துக்கு அனுமதி கொடுத்தது. பத்து வருஷத்தில் குறைந்தது 190 கோடி டாலர் போட வேண்டும் என்பது பேச்சு. அந்தப் பணத்தில் நூறில் ஒரு பங்கு இந்தத் தூண்கள் பக்கம் வருமா என்று எல்லாரையும் போல நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்: முழுப் பாதையும் வேண்டாம். குளத்துக்கு மேல் போகும் பகுதியை இடித்துவிடுங்கள், அதுதான் இறக்குவதற்குக் கஷ்டமான பகுதி. வாசலைச் சுற்றி, ஸ்டார் டூர்ஸுக்குள் புகுந்து வரும் சின்ன வளையம் ஒன்று போதும். புதுத் தூண், அகலமான பாதை, பக்கத்தில் நடைபாதை, நாற்காலியோடு அப்படியே ஏறும் பெட்டி, அந்தச் சுற்றும் மேடை. வேகம் நாலு மைல். அதுகூட முடியாது என்றால் மொத்தத்தையும் இடித்து நாலு வேப்பமரம், இல்லை, ஏதோ ஒரு மரம் நடுங்கள். இரண்டில் எது செய்தாலும் சண்டைக்கு வர மாட்டேன். முப்பது வருஷமாக ‘எதிர்காலம்’ என்று பெயர் வைத்த இடத்தின் வாசலில் செத்ததைக் கிடத்தி வைத்திருப்பதுதான் உறுத்துகிறது.

மத்தியானம் பையனும் இவரும் வந்தார்கள். பையனுக்கு ஸ்பேஸ் மவுன்டனில் இரண்டாவது தடவை போக வேண்டும். அப்பாவால் இதற்கு மேல் பெஞ்சில் உட்கார முடியாது. சுற்றிலும் பார்த்தேன்: ராக்கெட், ரேஸ் கார், துப்பாக்கி. எழுபத்திரண்டு வயசுக்காரர் ஒருவர் ஏறி உட்கார்ந்து நாலு பக்கமும் வேடிக்கை பார்க்க மிச்சமிருந்தது பூங்காவைச் சுற்றும் நீராவி ரயில் மட்டும். டுமாரோலேண்ட் நிலையத்திலேயே ஏறினோம்.

அங்கிருந்து மெயின் ஸ்ட்ரீட் வரைக்கும் ரயில் ஒரு இருட்டுக் குகைக்குள் போகும். முதலில் கிராண்ட் கேன்யன் காட்சி. அப்புறம் சேற்று வாசனை வருகிற மாதிரி ஒரு பசுமை, அதில் டைனோசர்கள். முட்டையிலிருந்து வெளியே வரும் குட்டிகள், கடைசியில் இரண்டு பெரிய உருவங்கள் முட்டிக்கொண்டு நிற்கும். அப்பா சன்னல் பக்கமே சாய்ந்துவிட்டார்.

“இதுதான்பா அது” என்றேன் காதோரம். “ஃபோர்டு கம்பெனிக்குப் பண்ணுனாங்கன்னு சொன்னேன்ல? நியூயார்க்ல மஸ்டாங் கார்ல போய்ப் பாத்த டைனோசர் இதே டைனோசர். கண்காட்சி முடிஞ்சதும் 66-ல இங்க கொண்டாந்து வெச்சுட்டாங்க.”

அப்பா அந்தப் பெரிய பல்லுக்காரனை ஏற இறங்கப் பார்த்தார். ரயில் வெளிச்சத்துக்கு வருகிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

“சரி, பொம்மையெல்லாம் பத்திரமா எடுத்துட்டு வந்துட்டானுங்க” என்றார், மஃப்ளரைச் சரி செய்துகொண்டே. “ரோலரு எங்க?”

மெயின் ஸ்ட்ரீட் வந்துவிட்டது. முதலில் நான் இறங்கி, அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.